கூப்பிட்ட நெருப்பு

கழிமுகக் கதைகள் – 9

சென்ற இதழில் கல்யாண் துறைமுகத்தில் நிறுத்தியிருந்தோம். கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகன் எழுதிவைத்துவிட்டுப் போன கடல்வழிக் குறிப்பேடு ‘பெரிப்ளஸ்’. அதன் 52-ஆம் பத்தியில் ‘கல்லியேனா’ வருகிறது. மூத்த சரகனுஸ் காலத்தில் ஒழுங்கான சந்தைத் துறையாக இருந்த ஊர், சண்டனெஸ் என்பவன் கைக்கு வந்ததும் முடங்கிப்போனது. தப்பித்தவறி அங்கே ஒதுங்கிய கிரேக்கக் கப்பல்களைக் காவல் போட்டு பாரிகாசாவுக்கு, அதாவது இன்றைய குஜராத்தின் பரூச்சுக்கு, ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று எழுதுகிறான். (சண்டனெசுக்கும் நம் நவி மும்பைச் சான்பாடாவுக்கும் தொடர்பு உண்டா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒலி ஒத்துப்போவதைத் தவிர எந்த ஆதாரமும் கிடையாது. தயவுசெய்து வாட்சப்பில் கிளப்பிவிட வேண்டாம்.)

கடலிலிருந்து கல்யாணுக்கு வர வசாய் முகத்துவாரம் ஒரு வழி, தாணே கழி இன்னொரு வழி. பின்னதில் வந்த கப்பல், இன்றைக்குப் பாம் பீச் சாலையில் சான்பாடாக்காரர்கள் காலை நடை போகிறார்களே, அந்த அலையாத்திக் காட்டுக்கு எதிரே உள்ள தண்ணீரைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். ஆக, நம் வாசலில் கப்பலுக்கு வரவேற்பு இல்லை. சான்பாடா வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி இந்தப் பகுதிக்கு விதை போட்டது: “விரட்டிய துறை சரி, அழைத்த துறை எங்கே?”

அதே பெரிப்ளஸ் இன்னும் எட்டுப் பத்தி தள்ளி, 60-ஆம் பத்தியில், குமரியைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கு வருகிறது. காமரா, பொதுகா, சோபட்மா என்று மூன்று துறைகள். காமரா காவிரிப்பூம்பட்டினம், பொதுகா புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு, சோபட்மா மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்தக் கரையில் இரவில் கப்பலை அழைப்பதற்கென்றே நெருப்பு எரிந்தது. அந்த நெருப்புக்குத் தனிப்பெயரும் இருந்தது: கலங்கரை விளக்கம்.

இந்தப் பெயரைத் தினமும் சொல்கிறோம், ஆனால் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘கரை’ என்று இருப்பதால் கடற்கரையில் இருக்கும் விளக்கு என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ‘கலங்கும் கரை’ என்று பிரித்து மேடையில் உருகியவர்களையும் கேட்டிருக்கிறேன். தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களுக்கு மரபுச்சொல் பாடம் நினைவிருக்கும்: குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும். அந்தக் கரைதல்தான் இது. கரைதல் என்றால் கூப்பிடுதல். காக்கை தனக்குக் கிடைத்ததை ஒளிக்காமல் சுற்றத்தைக் கூவி அழைத்து உண்பதைச் சொல்லும் 527-ஆம் குறளிலும் இதே சொல்தான். கலத்தைக் கரைகின்ற விளக்கம், கப்பலைக் கூப்பிடும் விளக்கு. ‘விளக்கம்’ என்பதற்கும் அன்று எக்ஸ்பிளனேஷன் என்ற பொருள் முன்னால் வந்து நிற்கவில்லை. விளக்கையும் அதன் வெளிச்சத்தையும் அது குறித்தது. சிலப்பதிகார உரைகாரர்களும் கலத்தை அழைக்கும் விளக்கு என்றுதான் பொருள் கொண்டார்கள்.

கூப்பிடுவது என்பது வெறும் கவிநயம் இல்லை. அதைப் பார்க்கப் பெரும்பாணாற்றுப்படைக்குப் போக வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசு பெற்ற பாணன் ஒருவன், வறிய இன்னொரு பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் அனுப்பி வைக்கிறான். போகிற வழியைச் சொல்லும்போது நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைக் காட்டுகிறான். அது மாமல்லபுரம்தான் என்று சிலர் சொல்வதுண்டு. முடிந்த முடிவு அல்ல. வெண்மையான பிடரிமயிர்க் குதிரைகளையும் வடநாட்டுப் பண்டங்களையும் இறக்கும் நாவாய்கள் அங்கே நெருங்கி நிற்கின்றன. பிறகு அந்த விளக்கு வருகிறது.

புலவர் சொல்வதை ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒரு பொறியாளரின் குறிப்பு மாதிரி இருக்கிறது. வானம் விழாமல் முட்டுக்கொடுத்த தூண் போல உயரம். அதில் சாத்தி வைத்த ஏணி. ஏணி இருந்தும் உச்சிக்கு ஏறுவது லேசான வேலை இல்லை. மேலே கூரை வேயாத மாடம். வேயாத மாடம் என்று ஏன் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்? அன்றைய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலே புல்லும் ஓலையும். அதன் கீழே இரவெல்லாம் தீ எரித்தால் முதலில் எரிவது கூரைதான். ஆகவே திறந்த தளம். அதன்மேல் இரவில் கொளுத்திய தீ. ஆழ்கடலில் ஓடிக்கொண்டிருக்கும் கலத்தை அது கூப்பிடுகிறது.

அந்தத் தீக்குப் புலவர் போட்டிருக்கும் சொல் ‘ஞெகிழி’. கொள்ளிக்கட்டை என்று பொருள். இன்றைக்குப் பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்று பெயர் வைத்து, ‘நெகிழி தவிர்ப்போம்’ என்று பலகை எழுதுகிறோம். ‘நெகிழ்’ என்ற வினையிலிருந்து செய்த புதுச்சொல் அது, நல்ல சொல்தான். ஆனாலும் சங்கப் பாட்டை முதல் தடவை படிக்கும் கல்லூரி மாணவன், மாடத்தின்மேல் பிளாஸ்டிக்கை எரித்தார்கள் என்று ஒரு நிமிஷம் திகைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

எண்ணெய் விளக்கு இல்லை, கண்ணாடிக் கூண்டு இல்லை. யாரோ ஒருவர் அந்தி சாய்ந்ததும் கட்டையைச் சுமந்துகொண்டு ஏணியில் ஏறியிருக்கிறார். விடியும்வரை அணையாமல் பார்த்திருக்கிறார். அந்த ஆளைப் பற்றிப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. ஏறுவது கடினம் என்ற அடைமொழியில் மட்டும் அவர் மூச்சு வாங்குவது கேட்கிறது.

சிலப்பதிகாரம் இதே விளக்கைக் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்திவிடுகிறது. கடலாடு காதை. இந்திர விழா முடிந்த இரவு, கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குப் போகிறார்கள். கரையெல்லாம் விளக்கு. வண்ணமும் சந்தனமும் பூவும் விற்பவர்கள் வைத்த விளக்கு, பொற்கொல்லர் போன்ற கைவினைஞர் வேலை பார்க்கும் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, குடம் போன்ற தண்டில் அகலை ஏற்றிவைத்து அப்பம் சுடுகிறவர் விளக்கு, சில்லறைக் கடைப் பெண்களின் விளக்கு, இடையிடையே மீன் விற்பவர் விளக்கு. அதற்கடுத்து நம் கலங்கரை விளக்கம். அது முடிந்ததும் பரதவரின் மீன்பிடி படகு விளக்கு, வேறு மொழி பேசும் நாட்டார் விடியவிடிய அணைக்காத விளக்கு, பண்டகசாலைக் காவலர் விளக்கு. வெண்கடுகு ஒன்று மணலில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியுமாம், அத்தனை வெளிச்சம்.

இளங்கோவடிகள் இந்த வரிசையில் கலங்கரை விளக்கத்துக்குத் தனி மரியாதை எதுவும் தரவில்லை. அப்பக்கடைக்கும் மீன்கடைக்கும் பிறகுதான் அது வருகிறது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். இன்று ஒரு தலைவருக்குக் கட்அவுட் வைத்தால், ‘எங்கள் கலங்கரை விளக்கமே’ என்று தலைக்கு மேலே எழுதிவிடுகிறோம். தாராவி 90 அடிச் சாலையில் அப்படி ஒரு பேனராவது கண்ணில் படாமல் போகாது. காப்பியத்திலோ அது தொழில் விளக்குகளில் ஒன்று. பிட்டுக்காரர் விளக்கு வைத்து வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறார். துறைமுகம் விளக்கு வைத்து கப்பலைக் கூப்பிடுகிறது. இரண்டும் வியாபாரம்.

ஏன் கூப்பிட வேண்டியிருந்தது? அதற்குச் சோழமண்டலக் கரையைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும். பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரைவரை ஒரே மணல் கோடு. மாமல்லபுரத்துப் பாறைகளை விட்டால் கரையோரம் அடையாளத்துக்கு ஒரு குன்றுகூடக் கிடையாது. முகத்துவாரங்களை மணல் மூடும், மழை திறந்துவிடும். போன வருஷம் நுழைந்த வாய் இந்த வருஷம் அங்கே இருக்காது. பெரிய கலங்கள் கரையை ஒட்ட முடியாது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய 30-ஆம் புறப்பாட்டில், பாய் இறக்காமல் பாரம் குறைக்காமல் ஒரு பெருங்கலம் புகாருக்குள் நுழைந்ததை உவமையாக வைக்கிறார். அது பெருமைக்குச் சொன்னது. மற்ற துறைகளில் பாய் இறக்கி, சரக்கைக் குறைத்து, பிறகுதான் உள்ளே வர முடிந்தது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட கரையில் கப்பலோட்டிக்குப் பெரிய பயம் பாறை இல்லை. ஊரைத் தவறவிடுவதுதான். இரண்டு காத தூரம் தாண்டிவிட்டால் அடுத்த துறைக்காரனுக்குச் சுங்கம் போய்விடும். எங்கள் துறை இதுதான், இங்கே வா என்று ஒரு நெருப்பு சொல்ல வேண்டியிருந்தது. ‘கரை’ என்ற வினையை அந்தப் பெயருக்குள் கொண்டுவந்து வைத்தது அந்தக் கரையின் மண்வாகுதான் என்பது என் கட்சி.

பகலில் அந்த வேலையைக் கோபுரங்கள் பார்த்துக்கொண்டன. மாமல்லபுரத்துக்கு ஐரோப்பிய மாலுமிகள் வைத்த பெயரே ‘ஏழு கோயில்கள்’. நாகப்பட்டினத்தில் ஒரு செங்கல் கோபுரம் இருந்தது. சீனக் கோபுரம் என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் சொல்வார்கள். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுத்த சூடாமணி விகாரத்தோடு அதைச் சேர்த்துப் பேசுவதுண்டு. 1846-இல் வால்டர் எலியட் அதைப் பார்த்து விவரம் எழுதினார். கப்பல்களுக்கு அது நல்ல அடையாளம் என்றும் சொன்னார். 1867-இல் இடித்துவிட்டார்கள். கன்னியாகுமரிக் கரை மீனவர்கள் இன்றும் கோயில் கோபுரத்தையும் மலை உச்சியையும் நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்துக் கடலில் தங்கள் இடத்தைக் கணிப்பார்கள். அதற்குக் கணியம் என்று பெயர்.

இரவு விளக்கு மறுபடி பெரிய அளவில் வந்தது சென்னையில்தான். 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் தேங்காயெண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். 1844-இல் அது கோட்டைக்கு வடக்கே தனிக் கல்தூணுக்கு மாறியது. அந்தத் தூண் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இன்னும் நிற்கிறது, வாய்தாவுக்கு வருகிறவர்கள் பலர் அது என்னவென்று கேட்காமலே கடந்து போகிறார்கள். மாமல்லபுரத்தில் குன்றின்மேல் இருக்கும் பல்லவர் காலத்து உலக்கண்ணேசுவரர் கோயிலின் தலையிலும் ஒரு காலம் விளக்கு வைத்திருந்தார்கள். பக்கத்தில் இப்போதுள்ள கல் விளக்கு 1904-இல் வந்தது.

சரி, 1796-இல் கோட்டை உச்சியில் எரிந்ததைப் பார்த்த கறுப்பர் நகரத்துத் தமிழர் அதைக் ‘கலங்கரை விளக்கம்’ என்று சொல்லியிருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தச் சொல் அப்போது ஓலைச்சுவடிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தது 1889-இல்; சிலப்பதிகாரம் 1892-இல். அதே 1892-இல் உயர் நீதிமன்றக் கட்டடம் முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து 1894-இல் அதன் உயரமான கோபுரத்துக்கு விளக்கை மாற்றினார்கள். சொல்லும் பொருளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்தன என்று சொன்னால் மிகையாகாது. அதன் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், பாடநூல், செய்தித்தாள் என்று சொல் பரவியது. 1965-இல் எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி நடித்த படத்துக்கே அதுதான் தலைப்பு. விளக்கு 1977-இல் மூன்றாவது தடவையாக இடம் மாறி மெரினாவுக்கு வந்தபோது அதற்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. பறக்கும் ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான். பஸ் கண்டக்டர் மட்டும் ‘லைட் அவுஸ் இறங்கு’ என்பார்.

கூப்பிடும் விளக்குக்கு ஒரு தொல்லை உண்டு. யார் வருகிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைக்கு வந்தபோது போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் நகரத்து விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. நமக்கு ‘அவன் பெரிய எம்டன்’ என்ற வசவு மிச்சம்.

யாழ்ப்பாணத்துத் தமிழர் பேச்சில் இந்தச் சங்கச் சொல் அவ்வளவாக இல்லை. அவர்களுக்கு அது ‘வெளிச்சவீடு’. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த சொல்தான் என்றாலும், பருத்தித்துறை வெளிச்சவீடு, மட்டக்களப்பு வெளிச்சவீடு என்று சொல்லும்போது அது சொந்தச் சொல்லாகவே ஒலிக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் 1836-இல் விளக்கு ஏற்றிய பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘ஃபார்’ என்றார்கள். அலெக்சாந்திரியாவுக்கு எதிரே இருந்த ஃபாரோஸ் என்ற தீவில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த பெரும் விளக்கிலிருந்து வந்த சொல் அது. இத்தாலியருக்கும் ஸ்பானியருக்கும் ‘ஃபாரோ’. அவர்கள் விளக்குக்கு ஒரு தீவின் பெயர், நம் விளக்குக்கு அது செய்யும் வேலையின் பெயர்.

சான்பாடாவில் இதைத் தெரிந்துகொள்ள நூலகத்துக்குப் போக வேண்டாம். ஒரு குடியிருப்பின் லிப்டில் ஏறினால் போதும். மலையாளி ‘விளக்குமாடம்’ என்பார். பெரும்பாணாற்றுப்படையின் மாடம் அவர் வாயில் உயிரோடு இருக்கிறது. குஜராத்தி ‘தீவாதாண்டி’ என்பார். விளக்குக் கம்பு என்று வைத்துக்கொள்ளலாம். மராட்டியருக்கு ‘தீப்ஸ்தம்ப்’, கோயில் முன்னால் திரியேற்றும் கல்தூணுக்கும் அவர்களிடம் கிட்டத்தட்ட அதே பெயர். மாடம், கம்பு, தூண். எல்லாரும் கட்டடத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மும்பைக் கரையைப் பார்த்தால் அதற்கும் நியாயம் தெரிகிறது. இங்கே துறைமுகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தீவும் மலையும் சூழ்ந்த இயற்கைத் துறை, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஆபத்து எல்லாம் நுழைகிற வாயில், தண்ணீருக்கடியில். கொலாபா முனையிலிருந்து தெற்கே கடலுக்குள் நீளும் பாறை வரிசையின் நுனியில் ‘பிராங்ஸ்’ விளக்கு, 1875-இல் தாமஸ் ஆர்மிஸ்டன் கட்டியது. துறைமுகத்துக்குள் ‘சங்க் ராக்’ என்ற விளக்கு. பெயரே மூழ்கிய பாறை என்கிறது. வெளியே தெற்கில் 1867-இல் எழுந்த காந்தேரித் தீவு விளக்கு. இவை கப்பலைக் கூப்பிடவில்லை. கிட்டே வராதே, விலகிப் போ என்கின்றன. ‘கலங்கரை விளக்கம்’ என்று இவற்றையும் நாம் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும், வேறு சொல் இல்லை. ஆனால் பொருளைக் கறாராகப் பிடித்தால் இவை கலத்தை விரட்டும் விளக்குகள். சண்டனெஸ் காவல் படகு வைத்துச் செய்ததை இங்கே விளக்கு செய்கிறது. நோக்கம் மட்டும் நல்லது.

கப்பலோட்டியின் மேசையில் இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. 1927-இல் வந்த இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-இல் புதுச் சட்டம் போட்டார்கள். அதன் தலைப்பில் விளக்கு என்ற பேச்சே இல்லை. ‘கடற்பயண உதவிக் கருவிகள்’ என்ற பொதுப்பெயருக்குள் விளக்கு, மிதவை, ரேடியோ எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். செப்டம்பர் 21 மட்டும் இன்னும் தேசியக் கலங்கரை விளக்க தினம். மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே ஏறலாம். மெரினாவில் லிப்ட் இருக்கிறது.

காந்தேரிக்கு மட்டும் இந்தத் தொடரில் தனி இடம் தர வேண்டும். 1679-இல் சிவாஜி அந்தப் பாறைத் தீவில் கோட்டை எடுக்கத் தொடங்கியதும் பம்பாய் ஆங்கிலேயர் கப்பல்களை அனுப்பித் தடுக்கப் பார்த்தார்கள்; ஜஞ்சிராவை ஆண்ட ‘சித்தி’ எனும் தலைவரும் பக்கத்துத் தீவான உந்தேரியில் வந்து உட்கார்ந்துகொண்டார். பம்பாய்த் துறையின் வாசலில் மூன்று கொடிகள். பின்னாளில் அதே கோட்டைக்குள்தான் விளக்கு எழுந்தது. 1998-இல் தீவுக்குக் கான்ஹோஜி ஆங்கரே பெயர் வைத்தார்கள். 2025-இல் மராட்டியரின் ராணுவ நிலக்காட்சி என்ற பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு கோட்டைகளில் அதுவும் ஒன்று. தட்டினால் வெண்கலம் போல ஒலிக்கும் பாறை ஒன்று அங்கே இருக்கிறது. அலிபாக்கை அடுத்த தள் கிராமத்துக் கோலிகள் படகில் கூட்டிப்போவார்கள், மழைக்காலத்தில் மட்டும் கிடையாது.

1679-இன் அந்தச் சண்டையை அடுத்த இதழில் பார்ப்போம்.